காத்து எங்கே நிக்குதுங்க?

நாமக்கல் பக்கத்து ஆசாமியிடம் அரசியல் பேசலாம், சினிமா பேசலாம். டயரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. ஒன்று, அவர் லாரி வைத்திருப்பார். இல்லையென்றால் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்ப்பார். அதுவும் இல்லையா... டயர் ரீட்ரெடிங் கம்பெனியில் மச்சானாவது இருப்பார்! புது டயரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து கிளம்பி, ராசிபுரத்தில் டீ குடிக்க நின்று பாருங்கள். டீ மாஸ்டரே வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவுக்குங்க எடுத்தீங்க? ஏமாந்துட்டீங்களே!" என்பார்.

அப்பேர்ப்பட்ட சீமையில்தான் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் நண்பர் ஒரு நாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அறிவித்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம சேட்டக்குக்கு வீட்டுலயே டியூப்லெஸ் மாட்டப் போறேன். நீங்க வந்து கூட நின்னா போதும்."

'கூட நிற்பது' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டார்ச் பிடிப்பது, நட்டைத் தேடுவது, அவர் மனைவி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது!

ஆனால் விஷயம் விளையாட்டில்லை. அந்த சேட்டக் அவர் அப்பா வாங்கியது. விற்க மனசு வரவில்லை. தினமும் காலையில் முன்னால் ஆறு வயசு மகள், பின்னால் மனைவி, நடுவில் இவர். போன மாதம் மல்லூர் தாண்டி வரும்போது பின்சக்கரத்தில் ஆணி ஏறி, ஒரே மூச்சில் காற்று போய்விட்டது. வண்டி பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஓரத்தில் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை.

"விழலை சார். ஆனா பின்னால ஒரு டேங்கர் லாரி வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரலை" என்றார்.

அதே வாரம் எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவின் புது ஸ்கூட்டரில் இரண்டு அங்குல ஆணி. அது எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியாது. பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். டியூப்லெஸ்! நண்பருக்கு ஆசை வந்ததில் என்ன தப்பு?

டியூப் என்பது ஒரு பலூன். ஆணி குத்தினால், டியூபுக்கும் டயருக்கும் நடுவே காற்று பரவி, வால்வு ஓட்டை வழியாகவும் ரிம் இடுக்கு வழியாகவும் சடாரென்று வெளியேறிவிடும். டியூப்லெஸ் டயரிலோ காற்று கசியாத ரப்பர் ஒரு தோல் மாதிரி உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. குத்திய ஆணியை அந்த ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணியே மூடியாகிவிடும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். அதனால் ஆணியைப் பார்த்ததும் வீராவேசமாகப் பிடுங்காதீர்கள். கடை வரைக்கும் அதுதான் உங்கள் காவல் தெய்வம்!

1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் என்ற கால்நடை டாக்டர் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்து கொடுத்தார். ஆனால் உள்ளே இருந்த டியூபை மோட்டார் டயரிலிருந்து துரத்த இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் அக்ரான் நகரத்து குட்ரிச் கம்பெனி 1947-ல் டியூப்லெஸ்ஸை அறிவித்தது. அங்கே வேலை பார்த்த ஃப்ராங்க் ஹெர்ஸெக் என்ற எஞ்சினீயருக்கு 1952-ல் அதற்குப் பேடன்ட் கிடைத்தது.

இந்தச் சரித்திரமெல்லாம் நண்பருக்கு அத்துப்படி. டயரும் பார்த்து வைத்துவிட்டார். பத்து அங்குல ரிம், பழைய டயரிலும் 3.50-10, புதுசிலும் 3.50-10. "சைஸ் ஒண்ணு. மாட்டினா முடிஞ்சுது!"

ஞாயிறுக்கு முன்னால், சனிக்கிழமை சாயங்காலமே அவரை நாமக்கல் ரோட்டில் எனக்குத் தெரிந்த பஞ்சர் கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரப் பெரியவர் லாரி டயரோடே தலை நரைத்தவர். நண்பர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"சரிங்க தம்பி. டியூபை எடுத்துப்புட்டா காத்து எங்கே நிக்குதுங்க?"

"டயர்லதான்."

"டயரு மூணு பக்கம். நாலாவது பக்கம்?"

நண்பர் விழித்தார். பெரியவர் சேட்டக்கின் ஸ்டெப்னியைத் தட்டிக் காட்டினார்.

"ரிம்முங்க! உங்க ரிம்மு ரெண்டு தட்டு. நட்டு போட்டுச் சேர்த்து வெச்சிருக்குது. முட்டை ஓட்டை ரெண்டா உடைச்சு மறுபடி சேர்த்து வெச்சா உள்ள இருக்கறது நிக்குமுங்களா?"

நாமக்கல்லில் எல்லா உதாரணமும் கடைசியில் முட்டையில்தான் வந்து நிற்கும். ஆனால் இது நூற்றுக்கு நூறு சரியான முட்டை!

வெஸ்பா ஸ்கூட்டர் 1946-ல் இத்தாலியில் பிறந்தது. அந்த வழியில் வந்ததுதான் 1972-ல் வெளியான பஜாஜ் சேட்டக். லிவரோடு மல்லுக்கட்டாமல் நடுரோட்டிலேயே டயர் மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் ரிம்மை இரண்டு தட்டாகச் செய்தார்கள். நட்டைக் கழற்றினால் தட்டு பிரியும், டயர் கையோடு வந்துவிடும். பிரமாதமான யோசனை! ஆனால் அந்த யோசனைதான் டியூப்லெஸ்ஸுக்கு எமன். இரண்டு தட்டு சேரும் இடுக்கில் காற்று கசியும். வால்வு ஓட்டையும் டியூப் வால்வுக்காக வெட்டியது, காற்றை அடைத்து நிற்காது.

இன்னொரு சங்கதிதான் முக்கியம். டியூப்லெஸ் ரிம்மில், டயரின் விளிம்பு உட்காரும் இடத்தை ஒட்டி உள்பக்கமாக ஒரு சின்ன மேடு ஓடும். காற்று குறைந்தாலும் விளிம்பு நழுவி உள்ளே விழாமல் தடுப்பது அந்த மேடுதான். டியூபுக்காகச் செய்த ரிம்மில் அது கிடையாது. காற்று இறங்கிய நிலையில் ஒரு வளைவில் திரும்பினால், விளிம்பு நழுவி மிச்சக் காற்றும் ஒரே நொடியில் காலி. எந்த பயத்துக்காக டியூப்லெஸ் போட்டோமோ, அந்த பயம் மறுபடி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"இடுக்குல பசையை அப்பிட்டா?" என்று நண்பர் விடாமல் கேட்டார்.

"அப்பலாம். ரெண்டு நாளைக்கு நிக்கும். மூணாவது நாளு பாப்பாவை முன்னால நிக்க வெச்சுக்கிட்டுப் போவீங்களா?"

நண்பர் வாயை மூடிக்கொண்டார்.

"சரி, டியூப்லெஸ் டயரை வாங்கி உள்ள டியூபைப் போட்டுட்டா?" இது நான். வேஷ்டிக்கு மேலே பேன்ட் போட்ட கதை! போடலாம், ஓடும். ஆனால் அந்த நிமிஷமே அது டியூப் டயர்தான். ஆணி குத்தினால் பழைய கதைதான்.

அப்படியானால் பழைய ஸ்கூட்டருக்கு விமோசனமே இல்லையா? உண்டு. ரிம்மை மாற்ற வேண்டும். வெஸ்பா மாதிரி ஸ்கூட்டர்களுக்கென்றே ஒரே துண்டாக வார்த்த டியூப்லெஸ் ரிம்கள் வந்திருக்கின்றன. ஜெர்மனியின் எஸ்.ஐ.பி. போன்ற உதிரி பாகக்காரர்கள் விற்கிறார்கள். வாங்கும் முன் நம் வண்டியின் டிரம் போல்ட்டுகளுக்கு அதன் ஓட்டைகள் சரியாக ஒத்துவருகிறதா, சுற்றும்போது எங்கேயும் உரசுகிறதா என்று வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒற்றை ரிம் கிடைத்தால் வீட்டில் மாட்டலாமா? மாட்டலாம், கை வலிக்கும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்தை லிவரால் ஏற்ற வேண்டும். டயரில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசை பார்க்க வேண்டும். கைப்பம்பு இங்கே பருப்பு வேகாது. விளிம்பு இரண்டும் 'டப்... டப்' என்று உட்கார, காற்று மொத்தமாகப் பாய வேண்டும். கம்ப்ரஸர் இருக்கிற கடைக்குத்தான் போக வேண்டும். உட்காரவில்லையே என்று டயரில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் அடிக்கவே கூடாது. உட்கார்ந்தபின் சுற்றிலும் சோப்புத் தண்ணீர் விட்டு நுரை வருகிறதா என்று பாருங்கள்.

காற்று அடிக்கும்போது பெரியவர் ஏன் எப்போதும் சக்கரத்துக்கு நேரே நிற்காமல் தள்ளியே நிற்கிறார் என்று கேட்டேன்.

"லாரி ரிம்முல லாக் ரிங்குன்னு ஒண்ணு இருக்குதுங்க. சரியா உக்காராம காத்து ஏத்துனா தெறிச்சு வரும். தெறிச்சா பக்கத்துல ஆளு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பிறகு சேட்டக் பக்கம் திரும்பி, "இதுலயும் அந்த ஆபத்து கொஞ்சம் இருக்குதுங்க" என்றார். சேட்டக் சக்கரத்தில் இரண்டு வகை நட்டுகள். ஒன்று சக்கரத்தை டிரம்மோடு பிடிப்பது. இன்னொன்று இரண்டு தட்டையும் சேர்த்துப் பிடிப்பது. சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு காற்று என்றால் கேட்க சாது மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தட்டுகளை அது பிரித்துத் தள்ளுகிற வேகம் நூற்றுக்கணக்கான கிலோ. காற்றோடு தட்டு நட்டைக் கழற்றினால் தட்டு முகத்துக்கு வரும். அதனால் முதல் வேலை, வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குவது. அப்புறம்தான் ஸ்பானர். மாட்டும்போது டியூப் இடுக்கில் கடிபடாமல் லேசாகக் காற்று கொடுத்து, தட்டு நட்டுகளை எதிரெதிராக முறுக்கி முடித்து, அதற்குப் பிறகே முழுக் காற்று.

நண்பர் எல்லாவற்றையும் ஒரு வவுச்சரின் முதுகில் குறித்துக்கொண்டார். அக்கவுண்ட்ஸ் புத்தி!

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. இரண்டு தட்டு ரிம், நல்ல டியூப் டயர், புது டியூப். உள்பக்கத் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். ஒட்டுக்கு மேல் ஒட்டாக இருந்த பழைய டியூப் கொல்லையில் வாழைக்கு முட்டுக் கட்டப் போய்விட்டது. ஸ்டெப்னிக்கும் காற்று நிரப்பினோம். ஸ்டெப்னி என்ற பேரே வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஒரு தெருப் பேர். 1904 வாக்கில் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். தெருப் பேர் நம் ஊர் வரைக்கும் உருண்டு வந்துவிட்டது!

நண்பரின் மனைவி காபியோடு வந்தார். "டியூப்லெஸ் போட்டாச்சுங்களா?"

"இல்லை. அதுக்கு ரிம் மாத்தணும். போனஸ் வரட்டும்."

"அதுவரைக்கும்?"

"இனிமே நாலு பேரு இல்லாத வேகத்துல போறேன். வாரா வாரம் காத்து பார்க்கறேன்."

அம்மணி முகத்தில் நிம்மதி தெரிந்தது.

டியூபோ, டியூப்லெஸ்ஸோ, வாரம் ஒரு தடவை காற்று பாருங்கள் சார். மனைவி, குழந்தையோடு போகிற நாளில் பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் பெட்ரோலுக்குத்தான் காசு. காற்று சும்மாவேதான் கிடைக்கிறது!