செதுக்கியவர் பெயர்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பப் பட்டறைகளில் வேலை காகிதத்தில்தான் தொடங்குகிறது. விநாயகரோ தசாவதாரமோ, உருவத்தை முதலில் தாளில் வரைந்து பலகை மேல் படியெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு கோட்டுக்கு வெளியே நிற்கும் மரத்தை உளியும் கொட்டாப்புளியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகின்றன. அகலவாய் உளியைக் கீழே வைத்துவிட்டு, விரல்நகம்கூட அகலமில்லாத உளியை எடுத்தால் முகத்துக்கு வந்துவிட்டார்கள் என்று பொருள். அங்கே தட்டும் சத்தமே மாறிவிடும். உதட்டோரத்தில் ஒரு தட்டு கூடினால் பல நாள் உழைப்பு போயிற்று. அப்புறம் உப்புத்தாள், வார்னிஷ். இவ்வளவு பாடுபட்டு முடித்த சிற்பத்தைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பெரும்பாலும் வெறும் மரம்தான். யார் செய்தது, என்ன மரம், எந்த ஆண்டு என்று ஒரு வரி கிடையாது. இந்தத் தொழிலில் கூலி உயராததற்கு மர விலையையும் இயந்திரச் செதுக்கலையும் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்த வெறுமையான பின்பக்கத்தைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன். உருவம் படைத்துப் பிழைப்பவருக்கு, தான் செய்த வேலை, அதில் தன் பெயர், அதை வாங்கியவரின் முகவரி ஆகிய மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். சிற்பிக்கு முதலாவது மட்டும் கிடைக்கிறது. அதுவும் வண்டியில் ஏறும்வரைதான்.

படம் வரைந்து பிழைக்கும் இன்னொரு கூட்டத்தை இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இணையத்தில் சொந்தமாகச் சித்திரக்கதை வெளியிடுகிறவர்களுக்குப் பதிப்பகமும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. அமெரிக்காவின் ராண்டல் மன்ரோ 2005இல் தொடங்கிய ‘எக்ஸ்கேசிடி’யை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், வணிக நோக்கமில்லாமல் எடுத்தும் போடலாம். நாக்பூரைச் சேர்ந்த ரோஹன் சக்ரவர்த்தி பல் மருத்துவம் படித்தவர். 2010இல் ‘கிரீன் ஹ்யூமர்’ என்று காட்டுயிர்களை வைத்து வரையத் தொடங்கினார். படம் இலவசமாகப் போகிறது, ஆனால் பெயரோடு போகிறது. அந்தப் பெயரைத் தேடி வருகிறவர்கள் புத்தகம் வாங்குகிறார்கள், செய்தித்தாள்கள் தொடர் கேட்கின்றன, அமைப்புகள் காட்டுயிர் வரைபடம் வரைந்து தரச் சொல்கின்றன. 2013இல் வந்த பேட்ரியான் போன்ற தளங்கள், வாசகர் மாதாமாதம் ஒரு சிறு தொகையைப் படைப்பாளிக்கே அனுப்ப வழி செய்தன. இவர்களின் ஒரு நாளில் பாதி வரைவதற்கு என்றால், மீதி கடிதம் எழுதவும் பார்சல் கட்டவும் கணக்குப் பார்க்கவும் போய்விடுகிறது. அந்த மீதிப் பாதிதான் அவர்களைக் காப்பாற்றுகிறது.

கள்ளக்குறிச்சிக்குப் பெயர் கிடைத்துவிட்டதே என்று கேட்கலாம். கிடைத்தது. மாநில அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகார் 2013இல் விண்ணப்பித்து, 2021இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. மாவட்டம் பிறந்தே அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பது ஊரின் பெயரை. ஒரு சிற்பி அதைத் தன் உரிமையாக்கிக்கொள்ள, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். ஊர்ப் பெயரும் எப்போதும் உழைத்தவரிடம் நிற்பதில்லை. கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி விளைகிறது; கிழங்கு சேகோ ஆலைக்குப் போனபின் அது எந்தக் காட்டில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஜவ்வரிசிக்கு 2023இல் குறியீடு வந்தபோது அது சேலத்தின் பெயரில்தான் வந்தது. கிழங்கில் பெயர் பொறிக்க முடியாது. சிற்பத்தில் முடியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தைக் கலைப்படைப்பு என்றே வகைப்படுத்துகிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும், ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது அதன் 57ஆம் பிரிவு. இதற்கு யாரிடமும் விண்ணப்பம் போடத் தேவையில்லை. கடன் திட்டங்களும் இருக்கின்றன. மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் மானியமும் தருகிறது. கடன் கருவி வாங்கித் தரும், வாடிக்கையாளரை வாங்கித் தராது.

சாமி சிலையில் மனிதன் பெயரைப் போடுவதா என்பது வலுவான மறுப்பு. நம் பெருங்கோயில்களைக் கட்டியவர்கள் பெரும்பாலோர் பெயர் சொல்லாமலே போனவர்கள். அந்தப் பணிவை நான் மதிக்கிறேன். ஆனால் கருவறைக்குப் போகும் மூர்த்தி வேறு, வரவேற்பறைக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் போகும் மரவேலை வேறு. பின்னதை வாங்கி இன்னொரு நகரத்தில் பன்மடங்கு விலைக்கு விற்பவர், தன் கடைப் பெயரைத் தயங்காமல் ஒட்டிக்கொள்கிறார். கோயில் மூர்த்திகளுக்கும் பதிவு எவ்வளவு தேவை என்பதை இதே மாவட்டத்து வீரசோழபுரம் காட்டுகிறது. அங்குள்ள சிவன் கோயிலின் ஐம்பொன் திருமேனிகள் பல பத்தாண்டுகளுக்கு முன் திருடுபோயின. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956இல் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களை ஒப்பிட்டுத்தான், அவற்றில் சில அமெரிக்காவில் இருப்பதைச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் கண்டுபிடித்தார்கள். ஒரு படம் இருந்ததால் அது நம்முடையது என்று சொல்ல முடிந்தது. பெயர் பொறிக்க மனம் வராத சிற்பி, முடித்த வேலையை முன்னும் பின்னும் படமெடுத்து, வரிசை எண், மரம், அளவு, நாள் எழுதி ஒரு பதிவேட்டில் சேர்க்கலாம். எண்ணை மட்டும் அடிப்பீடத்தில் பொறித்தால் போதும். இதில் சாமிக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

இதைவிடக் கடினமானது அடுத்த கேள்வி. சித்திரக்கதை ஒருமுறை வரைந்தால் லட்சம் பேரிடம் செலவில்லாமல் போகும். மரமோ ஒன்றுக்கு ஒன்றுதான். இலவசமாகக் கொடுக்க எதுவும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிற்பியிடமும் இலவசமாகக் காட்டத்தக்க ஒன்று உண்டு: வேலை நடக்கும் காட்சி. வாகைப் பலகையில் கோட்டுப்படம் சதையும் மடிப்புமாக எழுவதைப் பார்ப்பவருக்கு, கணினி இயந்திரம் குடைந்த பலகைக்கும் இதற்கும் வித்தியாசம் பாடமெடுக்காமலே புரியும். சமூக ஊடகம் இன்னொரு தரகன் ஆகாதா என்றால், நிச்சயம் ஆகும். இன்று படத்தைக் காட்டும் தளம் நாளை காட்டாது. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டு, நீதிமன்றம் போய்த்தான் மீண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. அதனால்தான் வாங்குபவர் முகவரி தளத்தில் மட்டும் இல்லாமல், சிற்பியின் நோட்டுப் புத்தகத்திலும் இருக்க வேண்டும் என்கிறேன்.

முகவரி கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதைச் சிவகாசி காட்டியிருக்கிறது. 1972இல் பிறந்த முத்து காமிக்ஸும் 1984இல் பிறந்த லயன் காமிக்ஸும் இன்று பெட்டிக்கடைகளை நம்பி இல்லை. வரப்போகும் இதழ்களின் பட்டியலை முன்கூட்டியே அறிவித்து, ஆண்டுச் சந்தா வாங்கி, கூரியரில் அனுப்புகிறார்கள். தசாவதாரத் தொகுதியும் இயல்பிலேயே ஒரு தொடர்தான். பத்து உருவம், ஓர் அளவு, ஒரே கை. மொத்தமாக ஒரே சமயத்தில் வாங்க எல்லோராலும் முடியாது. மாதம் ஒன்றாக மச்சத்தில் தொடங்கி கல்கி வரை, கொலுவுக்குள் முடியும்படி வாங்கப் பலரால் முடியும். முன்பணம் வியாபாரியிடமிருந்து வந்தால் விலையை அவர் சொல்வார். பத்து வீடுகளிலிருந்து வந்தால் சிற்பி சொல்லலாம். கொலு புரட்டாசியில் வருகிறது. பத்து மாதத் தொடர் என்றால் முதல் உருவம் மார்கழியில் போய்ச் சேர வேண்டும். பச்சை மரத்தில் செதுக்கினால் வெடித்துவிடும் என்பதால், பலகை அதற்கு முன்பே அறுத்துக் காயத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே முதல் தவணைப் பணம் மரத்துக்கே போகும். சந்தாப் பட்டியலை இந்தக் கொலு முடிந்த கையோடு அறிவித்தாக வேண்டும்.