பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்கு ஊரே திரளும் கிங்ஸ்டன்!

மார்ச் மாதக் கடைசியில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் போய் இறங்குகிறவர்களுக்கு, ‘ஊரில் ஏதாவது தேர்தலா?’ என்ற சந்தேகம் வரும். ஒரு பக்கம் ஊதாச் சட்டைக் கூட்டம். இன்னொரு பக்கம் பச்சையும் கறுப்பும். கார்களில் கொடி பறக்கிறது. பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் யார் ஜெயிப்பார்கள் என்று ஒரே வாக்குவாதம். விசாரித்தால் ஒற்றை வார்த்தையில் பதில் வரும்: ‘சாம்ப்ஸ்!’

நடப்பது பள்ளி மாணவ மாணவிகளின் தடகளப் போட்டிதான். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே என்றால் பெற்றோர் வந்து கைதட்டிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதானே என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தமே சுமார் 28 லட்சம் பேர் வாழும் இந்தத் தீவில், ஐந்து நாள் போட்டியின் கடைசி நாளான சனிக்கிழமை, தேசிய ஸ்டேடியத்தில் சுமார் 30,000 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வர முடியாதவர்கள் டி.வி முன்னால்.

நூற்றாண்டு கடந்த திருவிழா

1910-ல் ஆறே ஆறு பள்ளிகளுடன், சபைனா பார்க் மைதானத்தில் தொடங்கியது இந்தப் போட்டி. ஆம், கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே சபைனா பார்க்தான்! முதலில் பையன்களுக்கு மட்டும். பெண்களுக்கான போட்டி 1957-ல் வந்தது. 1999 முதல் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன.

இப்போது போட்டி நடக்கும் தேசிய ஸ்டேடியத்துக்கும் ஒரு பெருமை உண்டு. 1962 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் கொடி இறங்கி, சுதந்திர ஜமைக்காவின் கொடி ஏறியது இங்கேதான். இன்று வாசலில் உசைன் போல்ட்டின் சிலை, தன் புகழ்பெற்ற ‘மின்னல்’ போஸில் நிற்கிறது. சிலையோடு செல்ஃபி எடுக்காமல் உள்ளே போகிற வெளிநாட்டவர் குறைவு.

உள்ளே நுழைந்தால் காது அடைத்துக்கொள்ளும். மேளம், ஊதல், பாட்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் தனி நிறம், தனிக் கோஷம். ஊதா - வெள்ளை என்றால் கிங்ஸ்டன் காலேஜ் (பெயர்தான் காலேஜ், அது பள்ளிக்கூடம்). பச்சை - கறுப்பு என்றால் கலபார். கருநீலம் என்றால் ஜமைக்கா காலேஜ். தலை நரைத்த முன்னாள் மாணவர்கள் லண்டன், நியூயார்க்கிலிருந்தெல்லாம் விமானம் ஏறி வந்து, பழைய பள்ளி நிறத்தில் பனியன் மாட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளிகள் உண்டு. மொத்தப் புள்ளிகளில்தான் பள்ளிக்குக் கோப்பை. எனவே ஆறாவதாக வரும் பிள்ளையின் ஓட்டத்துக்கும் அங்கே கணக்கு இருக்கிறது.

வேகத்தின் ரகசியம்

‘இவ்வளவு சின்னத் தீவில் இத்தனை ஒலிம்பிக் மெடல் எப்படி?’ என்ற கேள்விக்குச் சிலர் மரபணு என்பார்கள். சிலர் அங்கு விளையும் ஒரு வகைக் கிழங்கைக் காட்டுவார்கள். சாம்ப்ஸைப் பார்த்தவர்களுக்கு வேறொரு விடை கிடைக்கும். அங்கே ஒரு குழந்தை வேகமாக ஓடினால், அதை ஊரே கவனிக்கிறது.

கவனிப்பதோடு நிற்பதில்லை. விளையாட்டு ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்கவே 1980-ல் ஜி.சி.ஃபாஸ்டர் கல்லூரி தொடங்கப்பட்டது. கியூபா கட்டிக்கொடுத்த கல்லூரி அது. அங்கே படித்தவர்கள் கிராமத்துப் பள்ளிகள் வரை போய்ச் சேர்ந்தார்கள். பல பள்ளிகளில் இன்றும் புல்தரையில்தான் பயிற்சி.

ஷெர்வுட் கன்டென்ட் என்ற சிற்றூரில் பிறந்த போல்ட்டும் இப்படி வந்தவர்தான். 2002-ல் இதே ஸ்டேடியத்தில் உலக ஜூனியர் போட்டி. வயது 15. சொந்த ஊர்க் கூட்டத்தின் சத்தத்தில் பதறிப்போய் ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டாராம். ஆனாலும் 200 மீட்டரில் தங்கம்! அடுத்த வருடம் சாம்ப்ஸில் 200 மீட்டரை 20.25 விநாடியிலும், 400 மீட்டரை 45.35 விநாடியிலும் ஓடிச் சாதனை படைத்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டரில் தங்கம் வென்ற ஷெல்லி ஆன் ஃப்ரேசர், கிங்ஸ்டனின் ஏழைப் பகுதியான வாட்டர்ஹவுஸைச் சேர்ந்தவர். தெருவில் பொருள் விற்றுப் பிழைத்த தாயின் மகள்.

காலரியில் ஓரமாக அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களும் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் ஸ்காலர்ஷிப். ஒரு குடும்பத்தின் தலைவிதியே பத்து பதினோரு விநாடிகளில் மாறிவிடும். அதனால்தான் எல்லைக்கோட்டில் தடுக்கி விழும் பிள்ளையின் அழுகை பார்ப்பவர்களை உலுக்கிவிடுகிறது. ‘பிள்ளைகள் மேல் இவ்வளவு சுமை வேண்டுமா? கிராமத்துப் பள்ளியின் நல்ல ஓட்டக்காரரைப் பெரிய பள்ளி இழுத்துக்கொள்வது நியாயமா?’ என்ற விவாதங்கள் ஜமைக்காவிலேயே உண்டு.

போகிறவர்களுக்கு...

சனிக்கிழமை டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பே வாங்கிவிடுவது நல்லது. கூரையுள்ள கிராண்ட் ஸ்டாண்டில் நிழல் உண்டு. எதிர்ப்பக்கத் திறந்த காலரியில் வெயிலும் உண்டு, கொண்டாட்டமும் உண்டு. தொப்பி, தண்ணீர் அவசியம். பசிக்கு, நம் பஃப்ஸுக்குப் பெரியண்ணன் போன்ற ‘பேட்டி’ இருக்கிறது. காரம் தாங்குபவர்களுக்கு ஜெர்க் சிக்கன். 1845 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த இந்தியர்களின் கைமணம், ‘கறி கோட்’ என்ற ஆட்டுக்கறிக் குழம்பில் இன்னும் இருக்கிறது. எந்தப் பள்ளிக்குக் கைதட்டுவது என்று தெரியாவிட்டால் பக்கத்து சீட்காரரைக் கேட்டால் போதும். பத்து நிமிடத்தில் கட்சியில் சேர்த்துக்கொள்வார்.

கைதட்டும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 2009 சாம்ப்ஸில் தன் வயதுப் பிரிவின் 100 மீட்டரில் ஒரு பெண் நான்காவதாக வந்தார். பெயர் எலைன் தாம்ஸன். பின்னாளில் ரியோ, டோக்கியோ இரண்டு ஒலிம்பிக்கிலும் 100, 200 மீட்டர் தங்கங்களை அள்ளியவர் அவர்தான். கிங்ஸ்டனில் மெடல் வாங்காத பிள்ளைக்கும் பலமாகக் கைதட்டலாம்!