டின் பட்டாணியும் 10.8-உம்

போன மாசம் நம்ம காலேஜ் ரத்ததான முகாம்ல என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. விரல்ல ஒரு குத்து, மெஷின்ல 10.8. ஹீமோகுளோபின் 12.5 இருந்தாதான் ரத்தம் எடுப்பாங்க. மூணு வருஷமா வாலண்டியரா நின்னு உங்களையெல்லாம் லைன்ல இழுத்து விட்டவ நான். இந்த வருஷம்தான் நானே கொடுக்கலாம்னு போனேன்.

அம்மாகிட்ட சொன்னதும் தீர்ப்பு வந்துடுச்சு. "டப்பாவுல அடைச்சதைத் தின்னா ரத்தம் எங்கடி ஊறும்?"

ராத்திரி மெஸ் பக்கமே போக மாட்டேன். கெட்டில்ல நூடுல்ஸ், அதுல டின் காய் ஏதாவது. என் ஷெல்ஃப்ல எப்பவும் மூணு டின் இருக்கும்: பட்டாணி, ஸ்வீட் கார்ன், காளான். அம்மா சொன்னது சரிதானான்னு பார்க்க உட்கார்ந்தேன்.

இந்த மாதிரி காய்களை டின்ல அடைச்சு, சுமார் 121 டிகிரி நீராவியில வேக வெக்கிறாங்க. கெட்டுப்போன டின்ல விஷம் உண்டாக்குற பாக்டீரியாவை ஒழிக்க அவ்வளவு சூடு வேணும். அதுல முதல்ல அடி வாங்குறது வைட்டமின் சி. பச்சைப் பட்டாணியில 100 கிராமுக்கு சுமார் 40 மில்லிகிராம் இருக்கும். டின் பட்டாணியில ஏறக்குறைய 10. ஆனா வீட்ல தண்ணி ஊத்தி வேக வெச்சாலே அது 14 பக்கம் வந்துடும்.

புரதம், நார்ச்சத்து, இரும்பெல்லாம் பெரும்பாலும் தப்பிச்சுடும். என் மூணு டின்ல பட்டாணிதான் டாப்பர்: 100 கிராமுக்கு புரதம் 4 கிராமுக்கு மேல, நார்ச்சத்தும் கிட்டத்தட்ட அதே அளவு, இரும்பு சுமார் 1 மில்லிகிராம். ஸ்வீட் கார்ன்ல புரதம் அதுல பாதி, இரும்பு இன்னும் கம்மி. காளான்ல 400 மில்லிகிராமுக்கு மேல சோடியம். ஒரு நாள் முழுக்கவே 2000-க்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நூடுல்ஸ் மசாலா உப்பு வேற தனி. டின் தண்ணியைக் கொட்டிட்டு காயை நல்லா அலசினா உப்பு கணிசமா குறையும்.

அடுத்த கணக்குலதான் மாட்டிக்கிட்டேன். என் வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும்னு நம்ம நாட்டுப் பரிந்துரை. பட்டாணி கொடுக்குறது 1. மார்க்கெட்ல வாங்கி உரிச்ச பட்டாணியா இருந்தாலும் ஒண்ணரைதான். மீதி எங்க இருந்து வந்திருக்கணும்? முதல் கிளாசுக்கு ஓடுறதுக்காக நான் விட்ட காலை டிபன்ல இருந்து. மதியம் பாதியில வெச்சுட்டு எழுந்த தட்டுல இருந்து. இதுல ராத்திரி நூடுல்ஸ்கூட ஒரு டீ வேற. சாப்பாட்டுல இருக்குற இரும்பை உடம்பு எடுத்துக்க விடாம டீ தடுக்கும்.

டின்னுக்காக வாதாடி அம்மாவை ஜெயிச்சிருக்கலாம். போன் பண்ணி, "நான் ஒழுங்கா சாப்பிடுறதே இல்லம்மா"ன்னு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "டாக்டர்கிட்ட போ"ன்னாங்க. போனேன். மாத்திரை கொடுத்திருக்காங்க.

இப்பவும் ஷெல்ஃப்ல பட்டாணி டின் இருக்கு. அலசி, வெங்காயம் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுறேன். எலுமிச்சையில இருக்குற வைட்டமின் சி, இரும்பு உடம்புல சேர உதவும். டீ ஒரு மணி நேரம் கழிச்சுதான். காலையில மெஸ்ல இட்லி வாங்குற லைன்ல என்னைப் பார்க்கலாம்.

நீங்க இன்னைக்கு காலையில சாப்பிட்டீங்களா?