குடையும் ஒரு மிடறு நீரும்

அரஃபாத் பெருவெளியில், ரஹ்மத் மலையின் அடிவாரத்தை ஒட்டி, கல்லால் கட்டப்பெற்ற பழைய வாய்க்கால் ஒன்றின் எச்சம் இன்றும் காணப்படுகிறது. அப்பாசியக் கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார், ஹாஜிகளின் தாகம் தணிக்க அமைத்த 'ஐனு ஸுபைதா' அது. 2024ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், அரஃபாத் தினத்தன்று, அதனைக் காணும் பேறு நமக்குக் கிட்டியது. ஆயின், அவ்வாய்க்கால் கூறும் பாடத்தை மறுநாள்தான் கற்றோம். கற்பித்தவர், நம்மிடம் பாடம் கேட்டு வந்த ஒரு முதியவர்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன், நமதூர்ப் பள்ளிவாசலில் ஹாஜிகளுக்கு வகுப்பு நடத்தும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கூஃபாவிலிருந்து மக்கா வரை 1400 கிலோமீட்டர் தொலைவு நீளும் 'தர்பு ஸுபைதா' என்னும் பாலைவனப் பெருவழியில், முன்னோர் தோல்பையில் நீரும் துணிப்பையில் பேரீச்சம்பழமும் சுமந்து நடந்த வரலாற்றை உருக்கமாக எடுத்துரைத்தோம். தாகத்தைப் பொறுத்தோர்க்குள்ள நற்கூலியை விரித்துரைத்தோம். அம்மையார் அவ்வழி நெடுகக் குளமும் கிணறும் அமைத்த செய்தியை மட்டும் ஒரே வரியில் முடித்துக்கொண்டோம். முன்வரிசையில் இருந்த 72 வயதுக் காக்கா ஒருவர் கண் கலங்கி, "ஆலிம்சா, நானும் நடந்தே போறேன், துஆச் செய்யுங்க" என்றார். நாமும் மனமகிழ்ந்து துஆச் செய்தோம்.

முஸ்தலிபாவில் இரவு கழிந்தது. கழிப்பிடத்தின் முன் நின்ற நெடும் வரிசைக்கு அஞ்சி, அவர் முன்னிரவு முதல் நீரருந்துவதைக் குறைத்துக்கொண்டார். எஞ்சிய ஒரு பாட்டில் நீரையும் சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யச் செலவிட்டார். பின்னர் ஜம்ரத்துல் அகபாவை நோக்கி, முதுகில் பையுடன் எங்களுள் அறுவர் நடந்தோம். கதிரவன் ஏற ஏறப் பாதை காய்ந்த இரும்பாயிற்று. நாம் குடையை நீட்டினோம். "இஹ்ராம்ல தலையை மறைக்கலாமா, ஆலிம்சா?" என வினவினார். கூட்டத்தின் நெருக்கடியில், "மறைக்கக் கூடாதுதான்" என்று மட்டும் கூறி நடையைத் தொடர்ந்தோம். அவர் குடையை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

அது பாதி விடை. தலையை மூடும் துணியே இஹ்ராம் அணிந்த ஆணுக்குத் தடை. தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கும் நிழல் தடையன்று என்னும் மறுபாதியை நாம் சொல்லவில்லை. அறியாமலா? முப்பதாண்டுகளாக நாமே கற்பித்து வரும் சட்டம் அது!

சற்று நேரத்தில் காக்காவின் நடை தடுமாறியது. "நம்ம பள்ளி ஹவுளு வந்துட்டுதா?" என்று கேட்டார். மினாவின் நடுவில் நின்று ஊர்ப்பள்ளியின் நீர்த்தொட்டியைத் தேடினார். மறுகணம் கால்கள் மடங்கின. தொட்டுப் பார்த்தோம், உடல் கொதித்தது, தோல் உலர்ந்திருந்தது. யார் எவரென்று அறியாத ஹாஜிகள் தத்தம் நீரை அவர்மீது ஊற்றினர், ஒருவர் விசிறினார், ஒருவர் கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டியை வைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அல்லாஹ்வின் அருளால் அவர் பிழைத்தார்.

இதன் காரணத்தை மருத்துவர் விளக்கினார். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. காற்றின் வெப்பம் அதனை விஞ்சுமாயின் காற்று உடலைக் குளிர்விக்காது; சுடவே செய்யும். அப்போது வியர்வை உலர்வது ஒன்றே உடலுக்குக் காவல். வெயிலில் நடப்போர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழக்கக்கூடும். முதுமையிலோ தாக உணர்வே மங்கிவிடும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் அறிவு கலங்கும். உயிருக்கே ஆபத்து நேரும்.

மருத்துவமனையில் கண் விழித்த காக்கா, "பொறுமைன்னு சொன்னீங்க ஆலிம்சா, தண்ணியையும் பொறுத்துக்கிட்டேன்" என்றார். அச்சொல்லில் குறை கூறும் தொனி எள்ளளவும் இல்லை. அதனாலேயே அது நம்மைச் சுட்டது.

தம் தாகத்துக்கு மட்டுமன்று, உடன் வரும் கால்நடையின் தாகத்துக்குத் தேவைப்படினும், நீரை ஒளுவில் செலவிடாது தயம்மம் செய்யுமாறு ஃபிக்ஹு நூல்கள் பணிக்கின்றன. நடந்தே செல்வதாக நேர்ந்துகொண்டு, இரு புதல்வர் தாங்கத் தள்ளாடிச் சென்ற முதியவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வாகனத்தில் ஏறிச் செல்லுமாறு பணித்தார்கள். அன்னாரும் தமது ஹஜ்ஜை கஸ்வா என்னும் ஒட்டகத்தின் மீதமர்ந்தே நிறைவேற்றினார்கள். அன்று ஜம்ரத்துல் அகபாவில் கல்லெறிந்தபோது, பிலால், உஸாமா (ரலி) இருவருள் ஒருவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்திருக்க, மற்றவர் வெயில் படாமல் ஆடையை உயர்த்தி நிழல் செய்தார் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. அதே ஜம்ராவை நோக்கிய பாதையில்தான் நம் காக்கா மடக்கிய குடையுடன் வீழ்ந்தார்.

ஜூன் 17ஆம் நாள் ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரியை எட்டியது. அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் உரிய அனுமதியின்றி வந்து, ஒதுங்க நிழலின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தோர் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அவர்களின் மறுமை அல்லாஹ்விடம் உள்ளது. எஞ்சியோரைக் காக்கும் பொறுப்போ நம்மிடம் உள்ளது.

1184இல் அப்பெருவழியே பக்தாது நோக்கிச் சென்ற யாத்திரிகர் இப்னு ஜுபைர், அம்மையாரின் நீர்நிலைகள் இல்லையேல் அவ்வழியில் எவரும் செல்லவியலாது என எழுதினார். தாகத்தைப் புகழ நாவு போதும். அதனைத் தணிக்கப் பொருளும் உழைப்பும் வேண்டும். ஸுபைதா அம்மையார் இரண்டாவதைத் தேர்ந்தார். நாமோ முதலாவதோடு நின்றுவிட்டோம். பொறுமை என்பது தவிர்க்கவியலாத துன்பத்தில் நிலைகுலையாமை. கையிலுள்ள நிழலையும் நீரையும் ஒதுக்குவதன்று. இறைவன் வழங்கிய சலுகையை ஏற்பதும் அவனுக்கு அடிபணிதலே.

பெற்றோரை ஹஜ்ஜுக்கு அனுப்பும் குடும்பத்தினர் அவர்தம் பையில் துஆக் கிதாபுடன் ஒரு குடையையும் வைத்தனுப்புக. தாகம் எடுக்குமுன் அருந்துமாறு சொல்லியனுப்புக. நமது வகுப்பு இப்போது அந்தப் பாடத்தோடுதான் தொடங்குகிறது. காக்காவும் வந்து முன்வரிசையில் அமர்கிறார். இஹ்ராம் துணியுடன் எழுந்து நின்று குடையை விரித்துக் காட்டுவது அவர் பணி. அக்குடையின் கீழ் அவரைக் காணுந்தோறும், சொல்லாது விட்ட அந்தப் பாதி விடைக்காக நாம் இறைவனிடம் மன்னிப்புக் கோருகிறோம்.