ஒகேனக்கல் பரிசலில் ஒரு சித்திரைக் காலை

காவிரியில் தண்ணீர் குறையும் சித்திரையில்தான் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுவேன். பறவை பார்க்க அதுதான் நேரம். கரையில் நீர்மருது வெளிர்மஞ்சளாகப் பூத்திருந்தது. கீழே ஈரத்தில் பொடுதலைப் பூ, அதில் தேனீக்கள். நம் வரப்பில் களையென்று செதுக்கி எறிகிறோமே, அதே பொடுதலைதான்.

மணல்திட்டில் இறங்கினேன். ஆற்று ஆலா என்னும் மஞ்சள் அலகுப் பறவைகள் இரண்டு தலைக்கு மேல் கத்திக்கொண்டே பாய்ந்தன.

"சார், கால வைக்காதீங்க!" என்றார் பரிசல்காரர்.

ஒரு சாண் தள்ளி மூன்று முட்டைகள், கூழாங்கல் நிறத்தில். கூடு எதுவும் இல்லை, மணலில் சிறு குழிதான். முப்பது வருடம் வயலில் குனிந்து பூச்சி பார்த்த என் கண்ணுக்கு அது தெரியவில்லை! தாய் விலகி நின்றால் வெயிலிலேயே முட்டை கெட்டுவிடும். உடனே பரிசலேறினோம்.

பங்குனி, சித்திரையில் ஆற்றுத்திட்டுப் பக்கம் ஆடு மாடு ஓட்டுகிறவர்கள், ஆலா கத்தினால் சற்று விலக்கி ஓட்டுங்கள். நாய் வேண்டவே வேண்டாம்.