விளையாட்டிற் கண்ட பசி

கதைகளில் வரும் வீரர்களுக்குப் பெரும்பாலும் பசிப்பதில்லை. அவர்கள் காடு கடப்பர், மலை ஏறுவர், பகைவரை வெல்வர். ஆனால் நண்பகலில் எங்கே இருந்து எதை உண்டனர் என்பதைக் கதை சொல்பவர் சொல்லாமலே விட்டுவிடுவர். கணினியில் ஆடப்படும் வீர விளையாட்டுக்களிலும் நெடுங்காலம் இதுவே வழக்காயிருந்தது. அங்கே உணவு என்பது மருந்துக்கு மறுபெயர். வாளால் வெட்டுண்டவன் ஒரு பழத்தைத் தின்பான். அக் கணமே காயம் ஆறி எழுந்து நிற்பான். இவ் வழக்கினின்றும் விலகி, கதைத் தலைவனுக்கும் வயிறு ஒன்று உண்டு என்பதை மறவாது அமைக்கப்பட்ட விளையாட்டு ஒன்றைப் பற்றி இம் மலரிலே எழுத விழைகின்றேன். "கல்லூரி மலரிலே கணினி விளையாட்டா?" என்று என்னொடு படித்த நண்பர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். அன்னார் சற்றுப் பொறுத்து வாசிப்பாராக. நான் சொல்ல வந்தது விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று.

'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' என்பது அவ் விளையாட்டின் பெயர். செக் நாட்டிலுள்ள வார்ஹோர்ஸ் என்னும் நிறுவனத்தார் 2018ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். 2025இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. கதை நிகழும் இடம் பொகேமியா நாடு. காலம் 1403ஆம் ஆண்டு. புகழ் பெற்ற நான்காம் சாள்ஸ் மன்னன் 1378இல் இறந்தபின், அவன் மகன் வென்சஸ்லாஸ் அரசனானான். 1402இல் அவனைத் தம்பியாகிய சிகிஸ்மண்ட் சிறைப்பிடித்தான். அக் குழப்பத்திலே ஸ்கலிட்ஸ் என்னும் சுரங்க ஊர் தீக்கிரையாகின்றது. கொல்லன் ஒருவனின் மகனாகிய ஹென்றி, தாய் தந்தையரை இழந்து, உயிர் தப்பி ஓடுகின்றான். பறக்கும் நாகம் இல்லை, மந்திரம் இல்லை, மாயக்கோல் இல்லை. எழுதப் படிக்கவும் அறியாத அவ் விளைஞனாக நின்றே நாம் ஆட வேண்டும்.

கனடாவிலே என் மகள் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தபோது பேரன் இதனை ஆடக் கண்டேன். வெளியே பனி, உள்ளே செய்வதற்கு வேலையில்லை. ஆகவே எழுபதை அணுகும் வயதிலே நானும் அவன் அருகிருந்து ஆடப் பழகினேன். வாட்போர் எனக்கு வாய்க்கவில்லை. அதற்கு வேண்டிய விரல் வேகம் பேரனிடமே உண்டு. எனவே வேலையைப் பகிர்ந்துகொண்டோம். போர் அவனுடையது, ஹென்றியின் சோறு தண்ணீர் என்னுடையது.

அந்தச் சோற்றுக் கணக்கு எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஹென்றிக்கு ஊட்டம் என ஓர் அளவும், உறக்கத்தாற் பெறும் தெம்பு என மற்றோர் அளவும் உண்டு. நேரஞ் செல்லச் செல்ல இரண்டும் குறையும். ஊட்டம் மிகக் குறைந்தால் உடல் தளரும். வாளை ஓங்கும் கையில் வலு இராது. பட்டினி நீடித்தால் உடல்நலம் படிப்படியாகக் கெடும். இதற்கு அஞ்சி அள்ளி அள்ளி உண்போமெனின் அதற்கும் இடமில்லை. ஊட்டம் நூறு என்னும் எல்லையைத் தாண்டினால் மந்தம் பிடிக்கும். உண்ட மயக்கத்தோடு சண்டைக்குப் போனவன் கதி என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, பையிலுள்ள உணவு வைத்தபடி இருப்பதில்லை. ஒவ்வொரு பண்டத்துக்கும் அதன் பதம் எண்ணாற் காட்டப்படும். அவ் வெண் நாள்தோறும் இறங்கும். இறைச்சியும் பழமும் விரைவிற் கெடும். கெட்டதை உண்டால் வயிற்றுக் கோளாறு வரும். உலர்த்திய பண்டங்களோ நெடுநாள் நிற்கும். இரண்டாம் பாகத்திலே இறைச்சியைப் புகையிலிட்டுப் பதப்படுத்தவும் வழியுண்டு. புழுக்கொடியலைப் போத்தலில் அடைத்து மாரி முழுவதும் வைத்துண்ட யாழ்ப்பாணத்தானுக்கு இதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மேலும், உணவுக்கு நிறையும் உண்டு. கவசமும் வாளும் சுமக்கும் உடலே அப்பத்தையும் இறைச்சியையும் சுமக்க வேண்டும். சுமை மிகுந்தால் ஓட முடியாது.

ஆகவே இவ் விளையாட்டிலே பசியை வெல்வது வயிற்றின் வேலையன்று, முன்யோசனையின் வேலை. அடுத்த ஊர் எத்தனை நாழிகைத் தொலைவு? பையிலிருப்பது அதுவரை கெடாதிருக்குமா? புறப்படுமுன் உண்பதா, போய் உண்பதா? பழகியவர் அதிகம் சுமவார். முதலிற் கெடுவதை முதலில் உண்பர்; உலர்ந்ததைக் கடைசிக்கு வைப்பர்; சத்திரத்தையோ முகாமையோ கண்டால் அங்குள்ள பானையில் உண்டு செல்வர்.

காட்டிலே மான் இருக்கிறதே என்று வில்லை எடுத்தல் எளிதன்று. காடும் அதிலுள்ள விலங்கும் பிரபுவுக்குரியன. அனுமதியின்றி வேட்டையாடினால் அது குற்றம். பையிலுள்ள இறைச்சியே களவுப் பொருளாய்க் காட்டிக்கொடுக்கும். ஐரோப்பாவின் இடைக்காலச் சட்டமும் பல இடங்களில் இவ்வாறே இருந்தது. பசித்தவன் கண்முன்னே உணவு துள்ளி ஓடும்; தொட்டால் தண்டனை.

கதையின் ஒரு பகுதியில் ஹென்றி சசாவா மடத்திலே புதுத் துறவியாகச் சேர வேண்டியிருக்கின்றது. கைப்பொருள் யாவும் வாசலிலே வாங்கப்படும். மணியடிக்கும் வேளையிலே உணவுச்சாலைக்குப் போதல் வேண்டும். நம் கல்லூரி விடுதியில் இருந்த நண்பர்கள் இதனைக் கண்டால் வேறு விளக்கம் வேண்டார். சசாவா மடம் மெய்யாகவே உள்ளது. 11ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. அங்கிருந்தோர் புனித பெனடிக்ற் வகுத்த விதியைப் பின்பற்றியவர். அவ் விதி ஒரு துறவிக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் பாணும், சமைத்த கறி இரண்டும் அளிக்கின்றது; நோயாளர் ஒழிந்தோர் நாற்கால் விலங்கின் இறைச்சியை உண்ணலாகாது என்கின்றது. ஓர் இறாத்தல் என்னும் இவ் வளவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் அதற்கு வருவேன்.

மடத்துக்கு வெளியே குடியானவர் நிலை யாது? அக் காலத்து ஐரோப்பிய வயலிலே ஒரு மணி விதைத்தால் மூன்று முதல் ஐந்து மணி வரை கிடைப்பதே வழக்கம். அதில் ஒன்றை அடுத்த விதைப்புக்கு ஒதுக்க வேண்டும், பிரபுவுக்கும் கோயிலுக்கும் பங்கு கொடுக்க வேண்டும், எஞ்சியதே குடும்பத்துக்கு. ரை, பார்லி, பனிவரகு முதலியவற்றாற் கூழும் அப்பமும். பட்டாணியும் கோவாவும் துணை. உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து அந் நாட்டை அடைய இன்னும் நெடுங்காலம் இருந்தது. நம் மிளகாயும் அங்கிருந்தே பின்னர் நமக்கு வந்தது. பழைய தானியம் தீர்ந்து புதியது முற்றாதிருக்கும் அறுவடைக்கு முந்திய வாரங்களே ஆண்டில் மிகக் கொடியவை. மழை பொய்த்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. 1315இல் தொடங்கிய பெரும் பஞ்சம் வட ஐரோப்பாவிலே ஓயாது பெய்த மழையால் வந்ததாகும்.

பிராக் நகரிலே பெட்ரின் குன்றின்மேல் ஒரு மதில் உண்டு. 1360க்கும் 1362க்கும் இடையில் நான்காம் சாள்ஸ் கட்டுவித்தது. இன்றும் அதன் பெரும் பகுதி நிற்கின்றது. 'பசி மதில்' என்பது அதன் பெயர். பஞ்சம் வந்தவேளை ஏழைகளுக்கு வேலையும் அதனால் உணவும் கிடைக்கும்படி மன்னன் அதனை எழுப்பினான் என்பது அந் நாட்டார் வழிவழியாகச் சொல்லிவருவது. ஹென்றி பிறப்பதற்கு முன்னரே அந் நாட்டிலே பசிக்கு ஒரு மதிலளவு நினைவு இருந்தது என்க.

இத்துணை நுட்பமாய்ப் பசியைக் கணக்கிடும் விளையாட்டிலே எனக்கு வியப்பளித்தது அடுப்பின்மேல் இருக்கும் பானை. சத்திரத்திலும் முகாமிலும் அதிலிருந்து உண்ணலாம், காசில்லை, களவென்பாருமில்லை, எத்தனை முறை உண்டாலும் அது வற்றுவதுமில்லை. மணிபல்லவத்திலே மணிமேகலை பெற்ற அமுதசுரபியே பொகேமியாவுக்குப் போய்விட்டதோ என்று எண்ணினேன். அம் மணிபல்லவம் நம் நயினாதீவே என்று நம்மவர் பலர் கூறுவதையும் பேரனுக்குச் சொன்னேன். "அப்படியென்றால் அந்தப் பானை எங்களுடையது, அம்மப்பா" என்று சிரித்தான். ஆனால் அமுதசுரபிக்கும் அப் பானைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அமுதசுரபி ஏந்தியவள் தான் உண்பதற்காக அதனை ஏந்தவில்லை; பிறர் பசி தீர்க்கவே ஊர் ஊராய்ச் சென்றாள். ஹென்றியின் பானையோ ஹென்றியின் வயிற்றை நிரப்புகின்றது. அவ்வளவே.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கின்றது. திரையிலே காட்டப்படும் ஊட்ட அளவு ஒரேயொரு வயிற்றின் அளவு. ஸ்கலிட்ஸிலிருந்து தப்பி வந்த ஏதிலிகள் ரத்தாய் ஊரிலும் சசாவாவிலும் இருக்கின்றனர். அவர்கள் படும் துன்பத்தைக் கதை மறைக்கவில்லை. ஆயினும் அவர்கள் பசிக்கு எண் இல்லை. அது இறங்குவதும் ஏறுவதும் நமக்குத் தெரிவதில்லை. மெய்யான பசிக் காலத்திலே கணக்கு இப்படி எளிதாய் அமைவதில்லை. இருப்பது இவ்வளவு, இருப்போர் இத்தனை பேர், யாருக்கு எவ்வளவு என்பதே கேள்வி. 1403இலும் அதுவே கேள்வியாயிருந்திருக்கும். அதற்கு விடை சொன்னவர் வாளேந்திய வீரரல்லர். அகப்பை ஏந்திய பெண்கள்.

"அம்மப்பா, நீங்கள் உண்மையாகவே பசி கிடந்திருக்கிறீர்களா?" என்று ஓரிரவு பேரன் கேட்டான். 1973ஆம், 1974ஆம் ஆண்டுகளைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. கூப்பன் அரிசி போதாது. நான் கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் எழுந்து பாணுக்கு வரிசையில் நின்று, கிடைத்ததை வீட்டிற் கொடுத்துவிட்டுக் கல்லூரி மணிக்கு ஓடுவேன். தந்தையார் சம்பளத்தை நம்பிய எழுதுவினைஞர், தோட்டமில்லை. நாங்கள் பிள்ளைகள் ஐவர். பெனடிக்ற் ஒரு துறவிக்கு விதித்த அதே ஓர் இறாத்தல் பாண் எங்கள் வீட்டிலே ஏழு பேருக்கு. ஆனால் அம்மா அதனை ஆறு துண்டாகத்தான் வெட்டுவார். தமக்கு எங்கே என்று கேட்டால், "நான் முதலே சாப்பிட்டிட்டன்" என்பார். மரவள்ளிக்கிழங்கு அவித்த நாளிலும், ஒடியற் கூழ் காய்ச்சிய நாளிலும் அதே சொல்தான். எல்லாரும் உண்டு எழுந்தபின் அடுப்படியிலே சட்டியை அகப்பை சுரண்டும் ஓசை கேட்கும். ஆதலால் நான் பட்டினி கிடந்தேன் என்று பேரனுக்குச் சொல்ல இயலவில்லை. எனக்குப் பசித்தது உண்டு. பட்டினி கிடந்தவர் அம்மா.

பேரன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின், "விளையாட்டிலே இதை எப்படிச் செய்வது? பாதியை மற்றவருக்குக் கொடுத்தால் ஊட்டம் குறையும், அதற்குப் பதிலாக ஒன்றும் கூடாதே" என்றான். விளையாட்டை அமைத்தவரைக் குறை கூற அதனைச் சொல்லவில்லை. மெய்யாகவே வழி தேடினான். "தம்பி, வீட்டிலும் அப்படித்தான், அம்மாவுக்கு ஒன்றும் கூடவில்லை. நாங்கள் ஐந்து பேரும் படித்து முடித்தோம்" என்றேன்.

அன்று வரை என் தாயாரைப் பற்றி அவனிடம் நான் அதிகம் பேசியதில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளின் பின் பிறந்தவன் அவன். சுவரிலே மாலையிட்ட படமாகவே அவரை அறிவான். "எங்கள் காலத்திலே நாங்கள் பட்ட பாடு" என்று தொடங்கினால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவர். ஆனால் கெடும் அப்பத்தையும் வற்றாத பானையையும் அவனே கையாண்டிருந்தமையால், ஏழு பேருக்கு ஆறு துண்டு என்ற கணக்கு அவனுக்கு உடனே விளங்கிற்று. பொகேமியாவின் பசி எங்கள் அடுப்படிக்கு வழிகாட்டியது. அதற்காக அவ் விளையாட்டை ஆக்கியோருக்கு நன்றி சொல்வேன்.

நண்பர்களே, இத்தகைய மலர்களிலே நாம் வென்ற கேடயங்களையும் பெற்ற பதவிகளையும் எழுதுகின்றோம், எழுதுதல் தகும். அவற்றோடு, நாம் படித்த ஆண்டுகளிலே வீட்டில் யார் எதை உண்ணாது விட்டார் என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். விடுதிச் சமையலறையிலே நின்றவரையும், வரிசையிலே கால்கடுக்க நின்றவரையும், "முதலே சாப்பிட்டிட்டன்" என்று சொன்னவரையும் அறிந்தோர் நம்மிற் சிலரே இன்னும் இருக்கின்றோம். நம் பேரப் பிள்ளைகள் கேட்கமாட்டார் என்று எண்ணி வாளாவிருத்தல் வேண்டா. அவர்கள் ஆடும் விளையாட்டின் அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு இருப்போமாக. கேள்வி தானே வரும்.