உதயப்பூர் மோட்டார்க் கொட்டகையில் இரண்டு நாட்கள்

ஆமதாபாத்தில் வாழும் நம்மவர்க்கு உதயப்பூர் செல்வது இப்போது எளிதாகிவிட்டது. பழைய மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2022 அக்டோபர் 31 முதல் அசார்வா நிலையத்திலிருந்து நேரே ரயில் ஓடுகிறது. ஹிம்மத்நகர், துங்கர்பூர் வழியாக ஆரவல்லிக் குன்றுகளினூடே சுமார் 300 கிலோமீட்டர் பிரயாணம். சென்ற தை மாதத்தில் என் தந்தையாரை அழைத்துக்கொண்டு அந்த ரயிலில் சென்று வந்தேன்.

உதயப்பூரின் ஏரிகளையும் அரண்மனைகளையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அங்குள்ள பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றி. அவற்றைப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போய் நான் பட்ட பாட்டைப் பற்றி.

தந்தையார் இருபத்திரண்டாம் வயதில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஆமதாபாத் வந்தவர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மில் முதலாளியின் வீட்டில் அம்பாசிடர் ஓட்டினார். அந்நாளில் முதலாளி குடும்பத்தை இதே உதயப்பூருக்கு அழைத்து வந்து, இரவு வண்டியிலேயே உறங்கியிருக்கிறார். இப்போது கண் அழுத்த நோயினால் அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து குறைந்து வருகிறது. இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காத்துக்கொள்ளலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் நன்றாகப் பார்க்கும்போதே அந்தக் காலத்து வண்டிகளைக் காட்டவேண்டும், கையோடு சில நல்ல படங்களும் எடுத்து வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்கென்றே பழைய காமிரா ஒன்றை விலைக்கு வாங்கினேன்.

குலாப் பாக் பூங்காவின் அருகே இருக்கிறது அந்தக் கூடம். மேவார் சமஸ்தானத்தின் மோட்டார்க் கொட்டகையாக இருந்த கட்டடம். 2000-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நடுவே முற்றம், அதைச் சுற்றி அரை வட்டமாக வண்டி நிற்கும் அறைகள். பழைய பர்மா ஷெல் பெட்ரோல் பம்பும் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ், கெடிலாக், மோரிஸ் என்று வரிசையாக நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்றும் ஓடும் நிலையில் உள்ளவை. 1983-இல் வெளிவந்த ‘ஆக்டோபசி’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தோன்றிய 1934-ஆம் வருஷத்து ரோல்ஸ் ராய்ஸும் அவற்றுள் ஒன்று.

முதல் நாள் ஆசையோடு நூற்று நாற்பது படங்கள் எடுத்தேன். இரவு விடுதியில் அவற்றைப் பார்த்தபோது வெட்கமாயிருந்தது. கறுப்புக் கதவுகளில் எல்லாம் என்னுடைய சிவப்புச் சட்டையே தெரிந்தது. அகன்ற லென்ஸைப் போட்டு மிக அருகே நின்று எடுத்ததால், வண்டியின் முகம் பானைபோல் உப்பி, பின்புறம் எலி வால்போல் சிறுத்திருந்தது. கறுப்பு வண்டி சாம்பல் நிறமாயிற்று. ஒரு படத்தில் கூரையின் மேல் தூண் ஒன்று கொம்புபோல் முளைத்திருந்தது.

தந்தையார் படங்களைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாயா?” என்று கேட்டார்.

“இல்லையப்பா.”

“காலையில் வண்டியை எடுக்கும் முன் நான் ஒரு சுற்று வருவேன். டயர் எப்படி, எண்ணெய் ஒழுகியிருக்கிறதா, அடியில் நாய் படுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவேன். நீ வந்ததும் வராததுமாக எடுக்க ஆரம்பித்துவிட்டாய்.”

மறுநாள் சாம்பல் நிறச் சட்டை அணிந்து சென்றேன். காமிராவைப் பையில் வைத்துவிட்டு ஒவ்வொரு வண்டியையும் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் மெருகேற்றிய வண்டி உண்மையில் ஒரு கண்ணாடி என்று புரிந்தது. நாம் எடுப்பது வண்டியை மட்டுமல்ல. அதில் விழும் வானத்தையும் தூணையும் ஆளையும் சேர்த்தே எடுக்கிறோம். ஓரடி தள்ளி நின்றாலே வேண்டாத பிரதிபலிப்புப் பாதி மறைந்துவிடுகிறது.

என்னைப்போல் புதிதாகக் கற்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். வண்டிக்கு மிக அருகே செல்லாமல் விலகி நின்று, 50 முதல் 85 மில்லிமீட்டர் வரையுள்ள லென்ஸால் எடுத்தால் உருவம் திரியாது. கைப்பேசியில் எடுப்பவர்களும் அவ்வாறே பின்வாங்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்கலாம். முழங்காலிட்டு, முகவிளக்கின் உயரத்திலிருந்து எடுத்தால் வண்டிக்குக் கம்பீரம் வருகிறது. கறுப்பு வண்டியைக் காமிரா தானாகவே வெளிறச் செய்யும். ஆதலால் ஒளி அளவை ஒரு படி குறைக்கவேண்டும். வெள்ளை வண்டிக்கு இதற்கு மாறாகச் செய்யவேண்டும். போலரைசர் என்னும் வடிகண்ணாடி வர்ணத்திலும் ஜன்னல் கண்ணாடியிலும் விழும் பளபளப்பைக் குறைக்கும். ஆனால் குரோமிய உலோகத்தின் பளபளப்பை அது ஒன்றும் செய்யாது. வெளிச்சத்தையும் அது குடித்துவிடுவதால், நிழலான அறையில் கை நடுங்காமல் பிடிக்கவேண்டும். திறந்த வெளியில் வெயில் ஏறுமுன் காலை வேளையே உத்தமம். எல்லாவற்றிற்கும் மேலாக, காவலரிடம் அனுமதி கேட்பதும் வண்டியைத் தொடாதிருப்பதும் முதற்கடமை.

நான் படமெடுத்துக்கொண்டிருக்க, தந்தையார் ஒரு வண்டியின் ஜன்னல் வழியே நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். கிளட்ச் மிதியின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

“இங்கே ஒருவன் பல வருஷம் கால் வைத்திருக்கிறான்” என்றார்.

அங்குள்ள வண்டிகளில் எந்த மகாராணா சென்றார், எந்த விருந்தாளி அமர்ந்தார் என்றெல்லாம் நமக்குச் சொல்லப்படுகிறது. அவற்றை ஓட்டியவரின் பெயரை நான் எங்கும் காணவில்லை. அந்த மிதியை மட்டும் தனியே ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு தந்தையாரை ஒரு கறுப்பு வண்டியின் அருகே நிற்கச் சொன்னேன். நான் காமிராவைக் கண்ணுக்கு உயர்த்தியதும் அவர் தாமாகவே இரண்டடி விலகி நின்றார்.

“ஏனப்பா விலகுகிறீர்கள்?”

“வண்டி மறைகிறதே!”

எனக்குச் சொரேலென்றது. முதலாளி வீட்டுப் படங்கள் சில எங்களிடம் உண்டு. தீபாவளிக்கு மாலையிட்ட வண்டி இருக்கிறது. அதன் முன் முதலாளியின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றிலும் தந்தையார் இல்லை. “சற்றுத் தள்ளி நில்” என்று முப்பத்தைந்து வருஷம் கேட்ட கால்கள், சொல்லாமலே தள்ளி நின்றன.

“மறைந்தால் மறையட்டும். உங்களைத்தான் நான் எடுக்கிறேன்” என்றேன்.

அவர் ஓட்டுபவர் ஏறும் வலப்பக்கக் கதவருகே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கதவில் அவருடைய வெள்ளைச் சட்டை பிரதிபலித்தது. இதை நீக்குவது எப்படி என்றுதான் காலை முதல் பழகியிருந்தேன். ஆயினும் அதை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன். படம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. வண்டியின் பின்பாதியும் விழவில்லை. என்றாலும் அதைத்தான் பெரிதாக அச்சிட்டு, மணிநகரில் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். தந்தையார் நாள்தோறும் அதன் அருகே சென்று, முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கிறார்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. நம்மவர் வீடுகளில் அந்த வண்டியையோ, அதைப்போன்ற வேறொன்றையோ ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அன்பர்கள் காமிராவைத் தூக்கும்போது அவர்களை விலகி நிற்க விடாதிருக்க வேண்டுகிறேன்.